தொட்டி வாங்கும் முன் கையை அளந்து பாருங்கள்

என்னிடம் இரண்டு மீன் தொட்டிகள் பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று 60 செ.மீ. நீளம், 40 அகலம், 60 உயரம். நண்பர் வீடு மாறும்போது கொடுத்துவிட்டுப் போனது. இன்னொன்று நானே அளவு சொல்லிச் செய்தது: 90 நீளம், 45 அகலம், 36 உயரம். பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் முதலாவது 144 லிட்டர், அடுத்தது கிட்டத்தட்ட 146. கொள்கிற தண்ணீர் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சுத்தம் செய்யும் நாளில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

உயரத் தொட்டியின் ஸ்டாண்ட் 75 செ.மீ., அதன்மேல் தொட்டி 60, ஆக விளிம்பு தரையிலிருந்து 135 செ.மீ.யில் நிற்கிறது. சராசரி உயரமுள்ள ஒருவருக்கு அது தோள் மட்டம், முக்காலி போட்டு ஏறாமல் கை அடிக்குப் போகாது. ஏறினாலும், மணலிலிருந்து கிளம்பிய ஒரு செடியைத் திரும்ப நட, சட்டைக் கையை அக்குள்வரை சுருட்டிக்கொண்டு, கன்னம் விளக்கில் உரச, முகத்தை ஒருபக்கமாகத் திருப்பித் துழாவ வேண்டும். விரல் என்ன செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. முழங்கை பட்டுப் பக்கத்துச் செடியும் சேர்ந்து வரும். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தால் கை உள்ளே போகிற அளவுக்குத் தரையில் வழியும், அதனால் முதலில் சைஃபன் (தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றும் குழாய்) போட்டுப் பாதி இறக்கிவிட்டு அப்புறம்தான் கை வைப்பேன்.

கை எட்டாவிட்டால் என்ன, கண்ணாடியின் இரு பக்கமும் காந்தம் ஒட்டிப் பாசியைச் சுரண்டும் காந்த ஸ்க்ரேப்பர் இருக்கிறதே என்பார்கள். சரி, ஆனால் தொட்டி உயர உயர அடியில் அழுத்தம் கூடும், கண்ணாடியும் தடிமனாகும், சாதாரணக் காந்தம் பிடிக்காது. மணலை ஒட்டி இறக்கினால் ஒரு மணல் துகள் நடுவில் சிக்கி நீளமாகக் கீறல் போட்டுவிடும். பாசியோ அங்கேயும் ஒட்டும்.

தாழ்வான தொட்டியில் தரையில் நின்றபடியே அடிவரை கை போகும், முழங்கைகூட முழுசாக நனையாது. நீர்ப்பரப்பும் 2400 சதுர செ.மீ.க்குப் பதில் 4050, மீனுக்கு ஆக்ஸிஜன் கிடைக்க அது நல்லது. விளக்கு வெளிச்சமும் அடிச்செடிக்குச் சுலபமாகப் போகிறது. சுவரில் இடம் அதிகம் பிடிக்கும் என்பது உண்மை. ஏஞ்சல் மாதிரி மேலும் கீழுமாக ஒரு சாண் வளர்கிற மீனுக்கு 36 போதாது, 45லிருந்து 50 வேண்டும். அதற்கு மேல் உயரம் கேட்பவர்கள் பார்ப்பதற்கு மட்டுமே கேட்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அகலத்தை யாரும் யோசிப்பதில்லை. 30 செ.மீ. அகலத்தில் கல்லும் கட்டையும் வைத்தால் பின்கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே ஸ்க்ரேப்பர் நுழையாது. 45 இருந்தால் சுற்றிலும் நாலு விரல் இடைவெளி விட்டு அடுக்கலாம். 60க்கு மேல் போனால் முன்னால் நின்று பின்மூலையைத் தொடுவது சிரமம், பக்கவாட்டிலாவது ஆள் நிற்க இடம் வேண்டும். வளைந்த முகப்பு எனக்கு ஆகவே ஆகாது, தட்டையான பிளேடு வளைவில் உட்காராது.

தொட்டி செய்பவரிடம் மேலே குறுக்குக் கண்ணாடிப் பட்டை எங்கே வரும் என்று கேளுங்கள். நடுவில் அகலமாக வந்தால் பெரிய கட்டையை உள்ளே இறக்கவே முடியாது. தொட்டிக்கு மேல் அலமாரி இருந்தால், சைஃபன் குழாய் நிமிர்ந்து நுழைகிற அளவாவது காலியாக இருக்கிறதா பாருங்கள். பின்னால் தொங்கும் ஃபில்டர் என்றால் சுவரிலிருந்து ஒரு 15 செ.மீ. தள்ளியே வையுங்கள், நிரப்பியபிறகு நகர்த்த முடியாது.

அடுத்து நான் செய்யச் சொல்லப்போவது 120, 45, 45. தண்ணீர் மட்டுமே 243 கிலோ வரும், ஸ்டாண்ட் பலமாக வேண்டும், ஆனால் 70 செ.மீ.க்கு மேல் உயர விடமாட்டேன்.