ஹனிசக்கிள் கொடிக்கு எந்த மண்: மணலா, களியா, தொட்டிக் கலவையா?

ஹனிசக்கிள் என்று பொதுவாக அழைக்கப்படும் லோனிசெரா பேரினத்தில் ஏறத்தாழ 180 இனங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை புதர்கள். சுவரிலும் வேலியிலும் ஏற்றுவதற்கு நாம் தேடி வாங்கும் கொடிகள் சிலவே. இந்தக் கொடி எந்த மண்ணிலும் வளரும் என்று நாற்று விற்பவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் வளர்வது வேறு, ஆண்டுதோறும் நோயின்றித் தழைத்துக் கொத்துக் கொத்தாகப் பூப்பது வேறு. மண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டாவதைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும்.

கொடி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஐரோப்பாவின் காட்டோரங்களிலும் வேலிப்புதர்களிலும் தானாக வளரும் லோனிசெரா பெரிக்ளிமெனம், இலைமட்கு படிந்த நிழலான தரையில் வேரூன்றி, மரங்களைப் பற்றி ஏறி, வெளிச்சத்தை எட்டிய பிறகே நன்றாகப் பூக்கும். அடியில் குளிர்ச்சியும் ஈரமும், தலையில் வெயில் என்பதே அதன் இயல்பு. ஆகவே மண்ணிடம் கேட்க வேண்டிய கேள்வி, அது எவ்வளவு சத்துள்ளது என்பதைவிட, அதற்குள் தண்ணீர் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதுதான். ஈரம் நிலைக்க வேண்டும். நீர் தேங்கக் கூடாது.

மணற்பாங்கான மண்ணுக்கு ஆதரவாளர்கள் அதிகம். மணல் துகள்கள் 0.05 முதல் 2 மில்லிமீட்டர் வரை பருமனுள்ளவை என்பதால் அவற்றின் இடைவெளிகள் பெரியவை. நீர் விரைந்து வடியும், வேர் எளிதாகப் பரவும், அழுகல் பற்றிய அச்சமும் குறைவு. நட்ட முதல் சில மாதங்களில் கொடி வேகமாகக் கிளம்புவதைப் பார்த்து மகிழ்ச்சியும் ஏற்படும். தொல்லை வறண்ட நாட்களில்தான் தொடங்குகிறது. வேர்ப்பகுதி அடிக்கடி காய்ந்தால் ஹனிசக்கிளின் இலைகளில் சாம்பல் நோய் பற்றும். மாவு தூவியது போன்ற வெள்ளைப் படலத்தைக் கண்டவுடன் மருந்து தெளிக்க ஓடுகிறவர்கள், கொடியின் அடியில் விரலை விட்டுப் பார்த்தால் மண் பொடிப்பொடியாக உதிர்வதைக் காண்பார்கள். மட்கு கலந்து இதைச் சரிசெய்யலாம் என்றாலும், காற்றோட்டம் மிகுந்த மணலில் மட்கு விரைவாகச் சிதைந்து மறைந்துவிடும். ஆண்டுதோறும் மீண்டும் இட வேண்டியிருக்கும்.

களிமண்ணைப் பலரும் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். என் கணிப்பில் இது அவசர முடிவு. களியின் துகள்கள் 0.002 மில்லிமீட்டருக்கும் குறைவானவை. அவற்றின் பரப்பில் நீரும் சத்துகளும் பிடித்து வைக்கப்படுவதால், மணலில் மூன்று நாளுக்கு ஒருமுறை தாகம் எடுக்கும் கொடி, பதப்படுத்திய களியில் பல நாட்கள் தாங்கும். அதன் குறைகளும் சிறியவை அல்ல என்பதை மறைப்பதற்கில்லை: மழைக்காலத்தில் காற்றின்றி வேர் மூச்சுத் திணறும், வறட்சியில் மண் பாளம்பாளமாக வெடித்து நுண்வேர்களை அறுக்கும். ஆயினும் இவற்றைத் திருத்த முடியும், அதுவும் ஒரு திசையில் மட்டும் உழைத்தால் போதும்.

அந்தத் திசை மணல் கலப்பதன்று. களியை இளக்குவதாக எண்ணி நானும் ஒருமுறை சில வாளி மணலைக் கொட்டிக் கிளறினேன். மழை பெய்து காய்ந்தபின் அந்த இடம் கடப்பாரைக்கும் இணங்காத கட்டியாக இறுகியிருந்தது. பெரும்பங்கு மணலாகவே மாறும் அளவுக்குக் கொட்டினாலன்றி, களி அந்த மணலின் இடைவெளிகளை நிரப்பி முன்னைவிடக் கெட்டியாகிவிடுகிறது. மட்கு, மக்கிய தொழுவுரம், இலைமட்கு ஆகியவையே களித் துகள்களைச் சிறு உருண்டைகளாகத் திரட்டி, இடையில் காற்றுக்கு வழிவிடுகின்றன.

களியில் குழி எடுக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. ஈரக் களியை மண்வெட்டியால் வெட்டும்போது குழியின் சுவர் பூசியது போல் வழவழப்பாகிவிடும். அதற்குள் சத்தான கலவையை மட்டும் நிரப்பி நட்டால், சுற்றியுள்ள களி நீரை உறிஞ்சாமல் அந்தக் குழி ஒரு பானையாக மாறி, வேர் அதற்குள்ளேயே ஊறிக் கிடக்கும். குழியின் சுவர்களைத் தோட்டத்து முள்கரண்டியால் கீறிவிட்டு, எடுத்த மண்ணையே திருப்பி நிரப்பி, மட்கை மேற்பரப்பில் 5 முதல் 8 சென்டிமீட்டர் மூடாக்காக, தண்டைத் தொடாமல் இடுவதே மேல்.

மணலும் வண்டலும் களியும் அளவாகக் கலந்த இருபொறை மண் வாய்த்தவர்கள் இந்த அலசலை வாசிக்கவே தேவையில்லை. நட்டு, மூடாக்கிட்டு, நீர் விட்டால் போதும்.

தொட்டியில் வளர்ப்பவர்களுக்குக் கணக்கே வேறு. எவ்வளவு நல்ல தோட்டத்து மண்ணும் தொட்டிக்குள் சில மாதங்களில் இறுகிவிடும். சதுப்பு நிலத்தில் பாதி மட்கிய பாசியான பீட் கலவையா, தேங்காய் நார்க்கழிவான கோகோபீட் கலவையா என்பதே இங்குள்ள போட்டி. பீட் நன்றாக நீரைப் பிடிக்கும். ஆனால் ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் நீரை ஏற்க மறுத்து, ஊற்றியதெல்லாம் ஓரமாக வழிந்து ஓடும். கோகோபீட் காய்ந்தாலும் எளிதில் மீண்டும் நனையும்; ஆனால் அதில் உப்பு மிகுந்திருக்கக்கூடும் என்பதால், கழுவிப் பதப்படுத்தியதையே வாங்க வேண்டும். அதில் சத்தும் அநேகமாக இல்லை. நான் தேர்ந்தெடுப்பது கோகோபீட் இரண்டு பங்கு, மட்கு ஒரு பங்கு, பெர்லைட் (சூட்டில் பொரித்த, எடையற்ற எரிமலைப் பாறைத் துகள்) அல்லது கரடுமணல் ஒரு பங்கு என்ற கலவையை. தொட்டி 45 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழமும் அகலமும் கொண்டிருக்கட்டும். அடியில் சரளைக்கல் பரப்பும் பழக்கத்தை விட்டுவிடலாம்; நுண்துகள் கலவையிலிருந்து நீர் சரளைக்குள் எளிதில் இறங்காமல் அதன் மேலேயே தங்கிவிடுவதால், ஈரம் தேங்கும் பகுதி வேருக்கு இன்னும் அருகில்தான் வருகிறது.

கார அமில நிலையை (pH) பொறுத்தவரை ஹனிசக்கிள் பிடிவாதமற்றது, 5.5 முதல் 7.5 வரை எங்கும் ஒத்துப்போகும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் மட்டும், இரும்புச்சத்து கிடைக்காமல், இளம் இலைகள் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறுவதைக் கவனிக்க வேண்டும். சத்தை அள்ளிக் கொட்டுவதும் தவறே. தழைச்சத்து மிகுந்தால் இலை அடர்ந்து பூ குறையும்; மென்மையான துளிர்களில் அசுவினியும் மொய்க்கும்.

இனமும் முடிவை மாற்றும். கிழக்காசியாவைத் தாயகமாகக் கொண்ட லோனிசெரா ஜப்போனிகா வறண்ட, சத்தற்ற மண்ணிலும் சளைக்காது. அமெரிக்கா உட்படப் பல நாடுகளில் அது காடுகளை ஆக்கிரமிக்கும் களையாகிவிட்டது. அதற்கென மண்ணை வளப்படுத்துவது வேண்டாத வேலை. மணல்தான் இருக்கிறது என்பவர்கள்கூட, அது பரவும் நாடுகளில் அதைத் தவிர்க்கத்தான் வேண்டும். வட அமெரிக்காவின் தென்கிழக்கைச் சேர்ந்த லோனிசெரா செம்பர்வைரன்ஸ், நீர் வடிந்தால் களியிலும் நன்றாகப் பூக்கும். மணம் இல்லை என்பதே அதன் குறை.

எனவே இருபொறை மண் இல்லாத இடத்தில், மட்கிட்ட களிக்கு முதலிடமும், மட்கிட்ட மணலுக்கு இரண்டாமிடமும், வேறு வழியில்லாதபோது தொட்டிக்கு மூன்றாமிடமும் தருவேன். எந்த இடமானாலும் சுவரை ஒட்டி நடக் கூடாது. அங்கே மழைநீர் சரியாக விழாது, பூச்சுக் கழிவும் கலந்திருக்கும். 30 முதல் 45 சென்டிமீட்டர் தள்ளி நட்டு, கொடியைச் சாய்த்து ஏற்றலாம்.

நாற்று வாங்குவதற்கு முன், அந்த இடத்தில் 30 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி நீர் நிரப்பி, அது வடிந்தபின் மறுபடி நிரப்பிப் பாருங்கள். மணிக்கு 2.5 முதல் 5 சென்டிமீட்டர் வரை இறங்கினால் அங்கேயே நடலாம். கண்ணெதிரே வற்றிவிட்டால் மட்கும் மூடாக்கும் தாராளமாக வேண்டும். மறுநாள் காலையிலும் குழியில் நீர் நின்றால், அந்தக் களியை மட்கால் திருத்துவதோடு விடாமல் மேட்டுப்பாத்தி அமைத்து அதன்மேல் நட வேண்டும்.