பேக்கிங் ஆட்களுக்கு முழு மார்க், லாரிக்கு ஒன்றும் கிடையாது: சின்னப் பிள்ளைகளோடு சென்னையிலிருந்து கோவைக்கு

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மே மாதக் கடைசியில் மடிப்பாக்கத்திலிருந்து கோயம்புத்தூர் வடவள்ளிக்கு, இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான் மொத்தத்தையும் ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்து மாற்றினோம். மூத்தவன் யுகேஜி முடித்து ஒன்றாம் வகுப்புக்குப் போகிறவன், சின்னவளுக்கு இரண்டரை வயது. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இந்தத் தொழிலில் ஒரே மாதிரிப் பெயரில், முன்னால் ஒரு சொல் பின்னால் ஒரு சொல் சேர்த்துக்கொண்டு ஏகப்பட்ட கம்பெனிகள் ஓடுகின்றன. நான் பெயரைச் சொன்னால் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் தலையில் போய் விழும்.

ஏன் மே மாதம் என்றால் வேறு வழியில்லை. பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கிறது, அதற்குள் டிசி வாங்கி அங்கே சேர்த்தாக வேண்டும். ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிட்டால் வீடு மாறப் பெரியவர்கள் விட மாட்டார்கள். அதனால் பிள்ளைகள் இருக்கிற வீடெல்லாம் சித்திரை வைகாசியில்தான் கிளம்புகின்றன, அதுவும் மாதக் கடைசி, அதுவும் முகூர்த்த நாள் என்றால் ரேட் நினைத்ததற்கு மேலே போகிறது. எங்களுக்கு வந்த கொட்டேஷன் 21,000-இல் தொடங்கி 34,000 வரை இருந்தது, எல்லாம் அதே வீட்டுக்கு, அதே சாமானுக்கு. குறைவாகச் சொன்னவர்கள் வீடியோ காலில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ரேட் சொன்னவர்கள். நாங்கள் எடுத்தது 28,500, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இவர்கள் சர்வேக்கு ஆள் அனுப்பினார்கள். வந்தவர் பரணில் ஏறிப் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் பார்த்தார், பால்கனியில் இருந்த சைக்கிளை எழுதிக்கொண்டார், அங்கே லிஃப்ட் உண்டா, லாரி வாசல் வரை வருமா என்றெல்லாம் கேட்டார். 'தனி வண்டி' என்று ரசீதிலேயே எழுதியும் கொடுத்தார். இந்த இரண்டு சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கிங் செய்ய வந்தவர்களைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். தலைமையாக வந்தவர் திருவண்ணாமலைக்காரர், கூட வந்த பையன்கள் ஒடிசாவைச் சேர்ந்தவர்கள். உள்ளே வந்ததும் ஒரு டப்பாவைக்கூடத் தொடாமல் அவர் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, பசங்க சாமான் எதெதுன்னு முதல்ல காட்டிடுங்க. அதைக் கடைசியில கட்டி, கடைசியில ஏத்துறோம். கடைசியில ஏறினாத்தான் அங்க முதல்ல இறங்கும்." இந்த ஒரு யோசனை வருவதற்கு வீட்டில் குழந்தை இருக்க வேண்டும், இல்லை வேலையில் அக்கறை இருக்க வேண்டும்.

அந்தப் பெட்டியில் என்ன போட்டோம் என்று சொல்லிவிடுகிறேன், கிளம்புகிறவர்களுக்கு உதவும். சின்னவளின் தூளிக் கம்பி, ஸ்பிரிங், பழைய நூல் சேலை, இருவருக்கும் பழக்கமான போர்வை, ரப்பர் ஷீட், பெரியவனின் லாரி பொம்மைகள், பாத்ரூம் வாளி மக், நைட் லேம்ப், கொசுவலை. மருந்து மட்டும் அதில் போடவில்லை. காய்ச்சல் சிரப், தெர்மாமீட்டர், ஓஆர்எஸ் பொட்டலம், தடுப்பூசி புத்தகம், டிசி எல்லாம் என் தோள்பையில், பிறகு ரயிலில். பெட்டியை ஒட்டி முடித்ததும் அவர் மார்க்கரைப் பெரியவன் கையில் கொடுத்து, "இது உங்க பெட்டி, நீங்களே அடையாளம் போடுங்க தம்பி" என்றார். அவன் நாலு பக்கமும் சிவப்பு நிறத்தில் ஒரு லாரி வரைந்து வைத்தான். காலையிலிருந்து சைக்கிளைச் சுற்றி அட்டை கட்டியதைப் பார்த்து அழுதுகொண்டிருந்த பிள்ளை, அதற்கப்புறம் டேப் எடுத்துக் கொடுப்பதும் ஸ்டிக்கர் ஒட்டுவதுமாக அவர் பின்னாலேயே திரிந்தான். மாமா மாமா என்று அவரை விடவே இல்லை. பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வீடு மாறுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள், என் மாமியாரும் சொன்னார். சின்னவளை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டேன், பெரியவனை விடவில்லை. தன் வீடு காலியாவதைக் கண்ணால் பார்த்த பிள்ளைதான் புது வீட்டில் பழைய வீட்டைத் தேடாது என்று நான் நம்புகிறேன், அவன் விஷயத்தில் அது சரியாகவே இருந்தது.

வேலையும் சுத்தம். எவர்சில்வர் பாத்திரத்தைத் தாள் போட்டு அடுக்கினார்கள், கண்ணாடி டம்ளர்களைத் தனித்தனியே பபிள் ராப்பில் சுற்றிப் பெட்டியில் நிற்க வைத்தார்கள், படுக்க வைக்கவில்லை. வாஷிங் மெஷின் முன்பக்கம் திறக்கிற வகை, அதன் பின்னால் மாட்டுகிற போல்ட்டுகள் எங்கே என்று அவர்தான் கேட்டார். டிரம் ஆடாமல் பிடித்துக்கொள்வது அந்த போல்ட்டுகள்தான், அவை இல்லாமல் 500 கிலோமீட்டர் போனால் மெஷின் உள்ளே அடிபட்டுவிடும். வாங்கியபோது வந்த பையோடு பரணில் இருந்தன, எடுத்துக் கொடுத்தேன். ஃப்ரிட்ஜை முந்தின ராத்திரியே ஆஃப் செய்து, பின்னால் இருக்கிற தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடச் சொல்லி முன்கூட்டியே போன் வந்தது. நிற்க வைத்தபடியேதான் ஏற்றினார்கள். அங்கே போய் இறக்கியதும் சில மணி நேரம் அப்படியே நிற்க விட்டு அப்புறம் பிளக் போடுங்கள் என்று சொல்லிவிட்டும் போனார்கள். ஒவ்வொரு உருப்படிக்கும் எண் ஒட்டி, மொத்தம் 62 என்று பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள்.

கேஸ் சிலிண்டரும் எண்ணெய் டின்னும் ஏற்ற மாட்டார்கள், அது நியாயம்தான். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு, வவுச்சரைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் புது ஊரில் அதை வைத்தே இணைப்பு வாங்கலாம். செடிகளும் ஏறாது. கறிவேப்பிலைத் தொட்டி எதிர்வீட்டுக்குப் போனது.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. இனிமேல்தான் லாரி.

சாமான் ஏறியதும் நாங்கள் அன்று இரவே சேரன் எக்ஸ்பிரஸில் கிளம்பினோம். பால் காய்ச்ச ஒரு பாத்திரம், இண்டக்‌ஷன் அடுப்பு, குத்துவிளக்கு, அரிசி, பருப்பு, உப்பு, மஞ்சள் எல்லாம் கையோடு. காலையில் வடவள்ளி போய்ப் பால் காய்ச்சினோம். மதியத்துக்குள் வண்டி வந்துவிடும் என்றார்கள். மதியம் போன் செய்தால் "சேலம் தாண்டியாச்சு". சாயந்தரம் போன் செய்தால் "டிரைவர் சாப்பிடுறார்". அப்புறம் ஆபீஸ் நம்பரே எடுக்கவில்லை. கடைசியில் உண்மையைச் சொன்னவர் அந்தத் திருவண்ணாமலைக்காரர்தான், அவராகவே எங்களைக் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் ஏற்றிய வண்டி சென்னையைத் தாண்டவே இல்லை. குடோனுக்குப் போய், அங்கே எங்கள் சாமானை இறக்கி, இன்னொரு குடும்பத்தின் சாமானோடு சேர்த்துப் பெரிய லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். "எங்ககிட்ட சொல்லலக்கா, தெரிஞ்சிருந்தா அந்தப் பெட்டியை உங்க கையிலேயே கொடுத்திருப்பேன்" என்றார். அவர் குரலில் இருந்த வருத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

புது ஊர், காலி வீடு, மின்விசிறி மட்டும் ஓடுகிறது, தூளி இல்லை. சின்னவள் பிறந்ததிலிருந்து தூளியில் ஆட்டினால்தான் தூங்குவாள். மேலே கொக்கியைப் பார்த்துக் கையைக் காட்டிக் காட்டி அழுதாள், விடிகிற வரை ஆள் மாற்றி ஆள் தோளில் போட்டுக்கொண்டு நடந்தோம். கீழ்வீட்டில் இருக்கிற ஓனர் அம்மா சத்தம் கேட்டு மேலே வந்து, "ஏனுங்க கண்ணு, கொழந்தைங்கள வெச்சுட்டு வெறுந்தரைல எப்படிப் படுப்பீங்க" என்று பாயும் தலையணையும் கொடுத்து, ஒரு சொம்பில் சூடாகப் பாலும் கொண்டுவந்தார். அந்த வீட்டில் எங்களுக்குக் கிடைத்த முதல் நல்ல விஷயம் அவர்தான். சிறுவாணித் தண்ணீரை இரண்டாவதாகச் சொல்லலாம்.

லாரி மறுநாள் சாயந்தரம் வந்தது. முழுப் பாக்கியையும் கொடுத்தால்தான் கதவைத் திறப்பேன் என்று டிரைவர் நின்றார். கட்டில் மாட்டி முடிக்கிற வரை 5,000 நிறுத்தி வைப்பது என்று ரசீதில் இருந்ததைக் காட்டி, என் வீட்டுக்காரர் தெருவில் நின்று பேசித்தான் திறக்க வைத்தார். திறந்தால் முன்னால் யாருடைய சோபாவோ இருக்கிறது. கடைசியில் ஏற்றி முதலில் இறங்க வேண்டிய சிவப்பு லாரிப் பெட்டி, எங்கள் பீரோவுக்குப் பின்னால், அரிசி டிரம்முக்கு அடியில், ஒரு மூலை நசுங்கிக் கிடந்தது. உள்ளே எதுவும் உடையவில்லை, அது பேக்கிங் செய்தவர்களின் புண்ணியம். பெரியவனின் படிப்பு மேசை மட்டும் ஒரு கால் பிய்ந்து வந்தது. மரத்தூள் பலகையில் செய்த மேசைகள் இரண்டு முறை ஏற்றி இறக்கினால் தாங்காது, திருகு பிடித்த இடமே பொடிந்துவிடும்.

என் வருத்தம் மேசைக்காக இல்லை. தனி வண்டிக்குப் பணம் வாங்கிவிட்டு, சொல்லாமல் வண்டி மாற்றியதுதான் தப்பு. பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீடு என்றால் ஒரு நாள் ஹோட்டலில் சாப்பிட்டுச் சமாளித்துவிடலாம். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு எந்தச் சாமான் எந்த நேரத்தில் கைக்கு வருகிறது என்பதுதான் முழு சர்வீஸும். அதைப் பேக்கிங் செய்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது, ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியவில்லை.

அதனால் யாரை எடுத்தாலும், 'வழியில் வண்டி மாற்றக் கூடாது' என்பதை ரசீதில் அதே சொற்களில் எழுதி வாங்குங்கள், 'தனி வண்டி' என்பது மட்டும் போதவில்லை. வண்டி நம்பரையும் டிரைவர் நம்பரையும் ஏற்றும்போதே வாங்கி, கதவு பூட்டியதைப் படம் எடுத்து வையுங்கள். தூளியையும் போர்வையையும் மட்டும், எவ்வளவு நல்ல ஆட்கள் வந்தாலும், ரயிலிலேயே கொண்டுபோங்கள். இன்சூரன்ஸ் என்று மதிப்பில் 3 சதவீதம் கேட்டார்கள், பாலிசி எந்தக் கம்பெனியுடையது, நம்பர் என்ன என்று கேட்டால் காகிதம் வரவில்லை, அதனால் நாங்கள் கட்டவில்லை. நிஜமான பாலிசி காகிதம் கையில் வந்தால் கட்டுங்கள்.

இறக்கி முடித்ததும் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்த தாளை நீட்டினார்கள். நான் அந்த வரியை அடித்துவிட்டு, மேசைக் கால் உடைந்தது, வண்டி மாற்றப்பட்டது, ஒரு நாள் தாமதம் என்று கையால் எழுதி, அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டேன். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கான 2007 சட்டத்தின்படி, சேதத்தைப் பற்றி வழக்குப் போட வேண்டி வந்தால் புக்கிங் நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும், அதனால் அன்றே மெயிலும் அனுப்பிவிட்டோம். மேசைக்கு 2,000 வந்துவிட்டது. தனி வண்டிக்கென்று வாங்கிய கூடுதல் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. இழுத்தடித்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுப்பதாக இருக்கிறோம். பணம் வந்தால் இங்கேயே சேர்த்து எழுதுகிறேன்.