ஜியோஜீப்ராவா, ஃபெட்டா: பத்தாம் வகுப்புக்கு எது?

சேலத்தில் மாலை வேளைகளில் கணக்கும் அறிவியலும் சொல்லித்தருகிறேன். இரண்டு மென்பொருளையும் நம்பித்தான் பாடம் நடக்கிறது. இரண்டையும் காசு கொடுக்காமலே பயன்படுத்தலாம்.

மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-இல் தொடங்கிய ஜியோஜீப்ரா கணக்குக்கென்றே பிறந்தது. இருபடிச் சமன்பாட்டின் வரைபடத்தைத் தாளில் புள்ளி வைத்து வரைவதற்குள் வகுப்பில் பாதி போய்விடும். இங்கே எக்ஸ் வர்க்கத்தின் கெழுவை நகர்த்தினால் பரவளையம் விரிகிறது, குறுகுகிறது, எதிர்க்குறி வந்ததும் கவிழ்கிறது. வளைவு எக்ஸ் அச்சைச் சந்திக்கும் இடமே மூலம், அதாவது சமன்பாட்டின் தீர்வு; அது அச்சைத் தொடாமல் மேலே நின்றால், "மூலம் எங்க மேடம்?" என்று பிள்ளைகளே கேட்பார்கள். மெய் மூலம் உண்டா இல்லையா என்று காட்டும் தன்மைகாட்டியை அந்த நொடியில் சொன்னால் மனதில் நிற்கும். ஆனால் ஆசிரியர் முதலில் உட்கார்ந்து பழக வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும்.

அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் ஃபெட்டுக்கு அந்தச் சிரமம் இல்லை. இயற்பியலில் நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மின்கலம், கம்பி, பல்பு என்று இழுத்து இணைத்தால் சுற்று தயார்.

சரி, ஏற்காட்டு மலைக் கிராமத்தில் சிக்னல் கிடைக்காவிட்டால்? வேண்டிய ஃபெட் பாடங்களைச் சேலத்திலேயே பென் டிரைவில் இறக்கிக்கொண்டு போங்கள், இணையம் இல்லாமலே ஓடும். ஒரே கணினி, புது ஆசிரியர் என்றால் ஃபெட்டில் தொடங்குங்கள். வரைபடப் பாடம் வரும்போது மட்டும் நான் ஜியோஜீப்ராவை விட்டுக்கொடுக்க மாட்டேன்.