ஃபார்மட் போடுவதற்கு முன்னால்: நெல்லைப் பக்கம் லினக்ஸ் மின்ட், நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

ஜங்ஷனிலோ பாளையங்கோட்டையிலோ சர்வீஸ் கடையில் மெஷினைக் கொண்டு வைத்தால் பெரும்பாலும் முதல் பேச்சு இதுதான்: "அண்ணாச்சி, ஃபார்மட் போட்டுருவோமா?" விண்டோஸில் வைரஸ் பெருகிய காலத்துக் கைவைத்தியம் அது. லினக்ஸ் மெஷினுக்கும் அதையே செய்கிறார்கள். கொஞ்ச நாளில் அதே கோளாறு மறுபடி வந்து நிற்கிறது. கோளாறு கரண்டிலோ, மதர்போர்டு செல்லிலோ, டிஸ்க் கேபிளிலோ இருந்தால் ஃபார்மட் போட்டு என்ன பிரயோஜனம்?

இங்கே சொல்வது விண்டோஸுக்குப் பதில் போடும் இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் பதிப்பைப் பற்றி. 2022-ல் வந்த 21, 2024-ல் வந்த 22 இரண்டுக்கும் பொருந்தும். முதலாவது உபுண்டு 22.04-ஐயும் அடுத்தது 24.04-ஐயும் அடித்தளமாகக் கொண்டவை. மெஷின்கள், ஆபீஸ்களில் கழித்துவிட்ட செகண்ட் ஹேண்ட் லேப்டாப்புகளும், வீட்டில் வைத்திருக்கும் அசெம்பிள்டு டெஸ்க்டாப்புகளும். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறது. கட்டளை கொடுக்கும் டெர்மினல் சாளரத்தில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

மின்தடைக்கு மறுநாள்

நம்ம பக்கம் வரும் "லினக்ஸ் பூட் ஆகலை" புகாரில் பாதிக்கு மேல் மின்சாரத்தில்தான் போய் முடிகிறது. துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்துகிறார்கள். சாயங்காலம் கரண்ட் வந்து டெஸ்க்டாப்பை ஆன் செய்தால் "பூட் டிவைஸ் இல்லை" என்று கறுப்புத் திரை. டிஸ்க் போய்விட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. முதலில் மதர்போர்டின் செட்டிங் திரையான பயாஸுக்குள் போய்த் தேதியைப் பாருங்கள். பழைய வருஷம் ஏதாவது காட்டினால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 செல் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மற்ற நாளில் இது ஏன் தெரியவில்லை? சுவர் ஸ்விட்ச் ஆனில் இருக்கும்வரை, மெஷினை ஷட்டவுன் செய்திருந்தாலும் பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பயாஸ் நினைவு அதில் பிழைத்துக்கொள்ளும். பகல் முழுக்கக் கரண்ட் நின்றால்தான் செல்லின் லட்சணம் வெளிப்படும். செட்டிங் எல்லாம் போர்டு வாங்கியபோது இருந்தபடி ஆகிவிடுவதால் யுஇஎஃப்ஐ என்ற புது பூட் முறை இருந்த இடத்தில் லெகசி என்ற பழைய முறை வந்து உட்காரும், அல்லது பூட் வரிசை மாறும், சில போர்டுகளில் டிஸ்க்கோடு பேசும் சாட்டா மோடே மாறும். புதுச் செல் போட்டு, பூட் மோடை முன்பு இருந்தபடி யுஇஎஃப்ஐக்கு மாற்றி, சாட்டாவை ஏஹெச்சிஐ என்று வைத்துச் சேமித்தால் லினக்ஸ் அப்படியே எழுந்து வரும். மல்டிமீட்டர் இருந்தால் பழைய செல்லை அளந்து பாருங்கள். நல்ல செல் 3 வோல்ட் காட்டும்; 2.7-க்குக் கீழே இறங்கியிருந்தால் தூக்கிப் போடலாம்.

இதே செல் இன்னொரு வேடத்திலும் வரும். மெஷின் பூட் ஆகும், ஆனால் பிரவுசரில் சில தளங்களைத் திறந்தால் சான்றிதழ் செல்லாது என்று வரும். அப்டேட் கொடுத்தால் "ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று நிற்கும். எல்லாம் கடிகாரம் பின்தங்கியதால் வருவது. லினக்ஸில் ஒரு சூட்சுமம் உண்டு: நேரத்தைச் சரிபார்க்கும் 'டைம்சிங்க்டி' சேவை, கடைசியாகத் தெரிந்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, பூட் ஆகும்போது கடிகாரத்தை அதுவரைக்கும் தள்ளிவிடும். அதனால் டெஸ்க்டாப்பில் 2015 என்று அப்பட்டமாகத் தெரியாது, சில மணி நேரமோ ஒரு நாளோதான் பிந்தியிருக்கும். அதைப் பார்த்து ஏமாறாமல் பயாஸில் போய்ப் பாருங்கள்.

கடிகாரம் சரியாக 5 மணி 30 நிமிடம் தப்பாக ஓடினால் அது செல் இல்லை. விண்டோஸும் லினக்ஸும் ஒரே மெஷினில் இருக்கும் வீடுகளில் வருவது அது. விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தை இந்திய நேரமாக எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று ஒருமுறை கொடுத்தால் லினக்ஸ் விண்டோஸின் வழக்கத்துக்கு வந்துவிடும்.

கரண்ட் சட்டென்று போய்வந்த பிறகு "(இனிட்ராம்எஃப்எஸ்)" என்ற ஒற்றை வரியில் நின்றுவிடுவது அடுத்த வகை. இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் 5 விநாடிக்கு ஒருமுறை, மாற்றங்களைக் குறித்து வைக்கும் தன் ஜர்னலை டிஸ்க்கில் பதிகிறது. அதனால் அமைப்பு அநேகமாகக் குலையாது. எழுதிக்கொண்டிருந்த ஃபைல்தான் பாதியில் போகும். ஜர்னலாலும் சரிசெய்ய முடியாத குழப்பம் வந்தால் இந்தத் திரை வரும். அதற்கு மேலே எந்தப் பகுதியில் பிழை என்று ஒரு வரி இருக்கும், உதாரணமாக /டெவ்/எஸ்டிஏ2. அந்தப் பெயரைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், கண்டதைக் கொடுக்கக் கூடாது. ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் 'எஃப்எஸ்சிகே -ஒய் /டெவ்/எஸ்டிஏ2' கட்டளையை அடித்து, முடிந்ததும் 'எக்ஸிட்' கொடுத்தால் பூட் தொடரும்.

ஒருமுறை வந்தால் சரி. அடிக்கடி வந்தால் எஃப்எஸ்சிகே ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் 'ஸ்மார்ட்மான்டூல்ஸ்' தொகுப்பை நிறுவி, 'சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிஏ' என்று பாருங்கள் (சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது). சாட்டா ஹார்ட் டிஸ்க்கில் மூன்று எண்கள் போதும். 5 என்று எண் போட்ட வரி, மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள். 197, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். இவை பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போகப்போகிறது. அப்போது எஃப்எஸ்சிகே ஓட்டுவதே ஆபத்து. மின்ட் போட்ட பென் டிரைவில் பூட் செய்து முதலில் ஃபைல்களை வெளியே எடுங்கள். மூன்றாவது 199, கேபிள் வழியே தகவல் போகும்போது வந்த பிழைகள். இது மட்டும் ஏறி மற்ற இரண்டும் பூஜ்யமாக இருந்தால் பெரும்பாலும் டிஸ்க்கில் குறை இல்லை, சாட்டா கேபிள்தான் லூஸாகவோ கெட்டோ இருக்கும். இந்த 199-ஐப் பார்க்காமல் எத்தனை நல்ல டிஸ்க்குகள் காயலான் கடைக்குப் போயிருக்குமோ!

டெஸ்க்டாப் வைத்திருந்தால் 600 விஏ யுபிஎஸ் ஒன்று கட்டாயம். ஐந்து பத்து நிமிடம் தாங்கினால் போதும், ஷட்டவுன் செய்யத்தான். அதன் பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் செத்துவிடும், யுபிஎஸ் வெளியே ஜம்மென்று லைட் எரிந்துகொண்டு இருக்கும். ஆகவே அவ்வப்போது பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள்.

பாஸ்வேர்டு சரி, உள்ளே விடமாட்டேன் என்கிறது

பாஸ்வேர்டைச் சரியாகத்தான் அடிக்கிறோம், திரை ஒரு நொடி கறுத்து மறுபடி லாகின் பக்கத்துக்கே வருகிறது. பாஸ்வேர்டு தப்பானால் தப்பு என்றே சொல்லும். இப்படிச் சுற்றினால் பெரும்பாலும் டிஸ்க் நிரம்பியிருக்கும். உள்ளே நுழையும்போது எழுத வேண்டிய சின்ன ஃபைலுக்குக்கூட இடம் இல்லை.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அங்கே லாகின் செய்து 'டிஎஃப் -எச்' அடியுங்கள். '/' வரியில் 100 சதவீதம் என்று இருந்தால் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. இஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்கென ஒதுக்கி வைக்கும்; அதனால்தான் இந்த நிலையிலும் சூடோ கட்டளைகள் ஓடுகின்றன. 'சூடோ ஆப்ட் கிளீன்' இறக்கி வைத்த தொகுப்புகளைத் துடைக்கும். 'சூடோ ஜர்னல்சிடிஎல் --வாக்யூம்-சைஸ்=200எம்' பழைய பதிவுகளை 200 எம்பிக்குள் சுருக்கும். 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்' பழைய கெர்னல்களை நீக்கும். இது பொதுவாக உள்ளே நுழைய வழிவிடும்.

ஆனால் நிஜமான கள்ளன் டைம்ஷிஃப்ட். மின்ட்டுடனேயே வரும் நல்ல கருவி, சிஸ்டம் கெட்டால் நேற்றைய நிலைக்கே திருப்பிவிடும். அதைத் தினசரி 5, வாராந்திரம் 3, மாதாந்திரம் 2 என்று விட்டுவிட்டு, அதே சின்ன எஸ்எஸ்டியில் சேமிக்கச் சொன்னால் 120 ஜிபி டிஸ்க் எப்படித் தாங்கும்? தினசரி 2, வாராந்திரம் 1 போதும். இன்னொன்று: டைம்ஷிஃப்ட் இயல்பாக உங்கள் ஹோம் ஃபோல்டரைத் தொடாது. போட்டோவும் பத்திரமும் அதில் இருக்கின்றன என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தும் லாகின் சுற்றினால், ஹோம் ஃபோல்டரில் ஏதோ ஃபைல் ரூட்டின் பெயருக்கு மாறியிருக்கும். சூடோ போட்டு கிராஃபிக்ஸ் புரோகிராம்களைத் திறப்பதால் வருவது. 'சூடோ சிஹெச்ஓன் -ஆர்' என்று தொடங்கி உங்கள் பயனர் பெயரையும் ஹோம் ஃபோல்டர் பாதையையும் கொடுத்து உரிமையைத் திருப்புங்கள். 'ஆர்' பெரிய எழுத்து.

அப்டேட் பாதியில் நின்றால்

"லாக் எடுக்க முடியவில்லை" என்று வந்ததும் இணையத்தில் தேடி லாக் ஃபைலை அழிக்கிறவர்கள் அதிகம். அழிக்காதீர்கள். பின்னணியில் அப்டேட் மேனேஜர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் பொறுத்தால் தானே விடும். அப்டேட் நடுவில் கரண்ட் போயிருந்தால் மட்டும் 'சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ', பிறகு 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்', இந்த வரிசையில். 'ஹாஷ் சம் மிஸ்மேட்ச்' என்று வந்தால் மிரரை, அதாவது அப்டேட் இறங்கும் சர்வரை, மாற்றிப் பாருங்கள். மென்பொருள் மூலங்கள் சாளரத்தில் வேகமானதைத் தேர்ந்தெடுக்கலாம்.

வைஃபை டிரைவர் இல்லாத மெஷினில் அப்டேட் எப்படி எடுப்பது என்று கேட்பார்கள். போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்தால் போதும், லினக்ஸ் அதை வயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து நிறுவலாம். பயாஸில் செக்யூர் பூட் ஆனில் இருந்தால் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த பூட்டில் நீலத் திரை வரும். அதில் 'என்ரோல் மாக்' தேர்ந்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் 'கன்டினியூ' அழுத்திவிட்டால் டிரைவர் நிறுவியும் வேலை செய்யாது.

மெஷின் உறைந்து மவுஸ்கூட நகரவில்லை என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீனையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி (பாம்பேக்கு வரும் பி) என்று நிதானமாக ஒவ்வொன்றாக அழுத்தினால் எழுத வேண்டியதை எழுதி முடித்து ரீபூட் ஆகும். இணையத்தில் ஆர், இ, ஐ, எஸ், யு, பி என்று முழு ஆறெழுத்து வரிசையை எழுதியிருப்பார்கள்; உபுண்டுவிலும் மின்ட்டிலும் இந்த மூன்றுதான் இயல்பாக அனுமதி.

பிரிண்டர்

இதில்தான் மின்ட்டுக்கு மார்க் குறைகிறது. புதிதாக வந்த வைஃபை பிரிண்டர்கள் டிரைவரே கேட்காமல் ஓடுகின்றன. பிரவுசிங் சென்டர்களில் உழைத்த பழைய சின்ன லேசர்கள்தான் தொல்லை. எச்பி லேசர்ஜெட் 1020 வகையில் ஃபர்ம்வேர் (பிரிண்டரை இயக்கும் உள் மென்பொருள்) பிரிண்டருக்குள் தங்காது, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர் ஏற்றிவிட வேண்டும். 'எச்பி-பிளகின்' கட்டளை ஓட்டினால் அந்த ஏற்பாடு நடக்கும். எச்பி பிரிண்டர்களுக்கான ஹெச்பிலிப் தொகுப்பின் பதிப்பு மாறினால் பிளகினையும் திரும்பப் போட வேண்டும். "நேத்து வரை வந்துது, அப்டேட்டுக்கு அப்புறம் வரலை" என்பதன் காரணம் இது. 2900 என்று எண் சொல்லியே கேட்கும் கேனன் எல்பிபி2900 பிரிண்டர், கேப்ட் என்ற தனி மொழி பேசுவது. அதற்கு அதிகாரபூர்வ டிரைவர் பழசு, 32 பிட் நூலகங்கள் கேட்கும். தன்னார்வலர் எழுதிய கேப்ட்டிரைவர் உண்டு. தினமும் நூறு பக்கம் எடுப்பவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வரிசையில் வேலை நின்றிருந்தால் பிரவுசரில் 'லோக்கல்ஹோஸ்ட்:631' திறந்து, பிரிண்டர் நிறுத்தப்பட்ட நிலையில் இருக்கிறதா என்று பார்த்து 'ரெஸ்யூம்' கொடுங்கள்.

தமிழ்

மெனுவில் 'இன்புட் மெத்தட்' திறந்து, தமிழுக்கான ஆதரவை நிறுவி, ஐபஸ் தேர்ந்து, லாக்அவுட் செய்து உள்ளே வந்தால் தமிழ்99, ஃபொனடிக் எல்லாம் கிடைக்கும். மாற்றுவதற்கு சூப்பர் விசையும் ஸ்பேஸும். திடீரென்று தமிழ் நின்றுவிட்டால் டெர்மினலில் 'ஐபஸ் ரீஸ்டார்ட்', அவ்வளவே.

லிப்ரேஆபீஸில் ஸ்டைலில் எழுத்துருவை மாற்றியும் தமிழ் மட்டும் மாறவில்லை என்பது பலரைக் குழப்புவது. தமிழ் அங்கே 'சிடிஎல்' என்ற தனிப் பிரிவில் வரும். ஸ்டைல் சாளரத்தில் மேற்கத்திய எழுத்துருவுக்கு அடுத்திருக்கும் சிடிஎல் பகுதியில் நோட்டோ சான்ஸ் தமிழையும் அளவையும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

பாமினியிலோ வானவில்லிலோ அடித்த பழைய வேர்டு ஃபைல் வந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஃபைல் கெடவில்லை, எழுத்துரு இல்லை. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்தும் அச்சகங்களிலும் பத்திர எழுத்தர்களிடமும் இவை இன்னும் புழங்குகின்றன. எழுத்துரு ஃபைலை ஹோமில் '.லோக்கல்/ஷேர்/ஃபாண்ட்ஸ்' ஃபோல்டரில் போட்டு 'எஃப்சி-கேஷ் -எஃப்' ஓட்டினால் படிக்கலாம். திருத்துவதென்றால் யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது.

எங்கே பிரதி வைப்பது, எதை வாங்குவது

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி பெருகி ஜங்ஷன் வரை தண்ணீர் நின்றதே, அப்படி ஒரு நாளில் மேஜைக்கு அடியில் இருக்கும் மெஷினோடு அதே டிராயரில் இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்துதான் நனையும். ஒரு பிரதி மாடியிலோ வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டிலோ இருக்கட்டும்.

கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேலைகள் இருந்தால் விண்டோஸை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்தால் அதில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' அணைக்கப்பட வேண்டும். இல்லையென்றால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கும், லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது.

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கப் போகும்போது மின்ட் போட்ட பென் டிரைவைப் பையில் எடுத்துப்போங்கள். கடையிலேயே அதில் பூட் செய்து வைஃபை, சத்தம், கேமரா, ப்ரைட்னஸ் விசைகளைச் சோதித்து, போன் டெதரிங் போட்டு ஸ்மார்ட்சிடிஎல் நிறுவி டிஸ்க்கின் எண்களையும் பார்த்துவிடலாம். காசு கொடுப்பதற்கு முன் இதற்கு அரை மணி நேரம் கொடுக்காத கடையில் வாங்க வேண்டாம்.