பிளேயர்ஸ் ஹேண்ட்புக் (2024): ஒரு விதிநூலும் அதைச் சுற்றி வளர்ந்த குழூஉக்குறிகளும்

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பேசி, பகடை உருட்டி ஆடும் விளையாட்டுகளுள் மூத்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய இந்த விளையாட்டை, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் இயங்கிய டி.எஸ்.ஆர். நிறுவனம் 1974இல் வெளியிட்டது. ஐம்பதாண்டு நிறைந்த 2024ஆம் ஆண்டின் செப்டம்பரில், இப்போதைய உரிமையாளரான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் அதன் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கைத் திருத்தி எழுதிப் புதிதாகக் கொண்டுவந்தது. 384 பக்கம், அமெரிக்காவில் அச்சிட்ட விலை 49.99 டாலர். எந்த கிளாஸ் (பாத்திரத்தின் தொழில் வகை) வலுப்பெற்றது, எது நலிந்தது என்ற கணக்கைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் இந்த நூலைப் பார்க்க விரும்புவது வேறொரு கோணத்தில்: இதைப் படித்துவிட்டு முதன்முதலாக ஒரு மேசைக்கு வருபவருக்கு, அங்கே பேசப்படுவது விளங்குமா?

பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்று வழங்கியதை நம் இலக்கண நூலார் குழூஉக்குறி என வகுத்தார்கள். ஒரு தொழிலில் இருப்போர் தமக்குள் தனிச்சொற்களைப் புழங்குவது எங்கும் உள்ளதுதான். ஆனால் பாத்திர விளையாட்டில் அது தரும் தொல்லை கூடுதலானது, ஏனென்றால் இங்கே பேச்சுதான் விளையாட்டு. கிரிக்கெட்டில் 'சில்லி பாயின்ட்' எந்த இடம் என்று தெரியாதவரும் பந்து பறப்பதைக் கண்ணால் காணலாம். இந்த மேசையிலோ காண்பதற்கு வேறெதுவும் இல்லை. சொல் புரியாவிட்டால் கதையும் புரியாது, தன் முறை வரும்போது என்ன செய்வதென்றும் தெரியாது.

நூலின் ஆகச் சிறந்த பகுதி அதன் கடைசிப் பின்னிணைப்பான விதிச்சொல் அகராதி. முந்தைய 2014 பதிப்பில் 'கண்டிஷன்' எனப்படும் நிலைகளுக்கு மட்டும் ஒரு பின்னிணைப்பு இருந்தது. ஏனைய சொற்களின் வரையறை பல அத்தியாயங்களில் சிதறிக் கிடந்தது. இப்போது குருடாதல், அஞ்சுதல், மயங்குதல் உள்ளிட்ட பதினைந்து நிலைகளும், ஒரு முறையில் செய்யத்தக்க செயல்களும், ஓய்வு வகைகளும், மறைவிட விதிகளும் அகர வரிசையில் ஒரே இடத்தில் உள்ளன. ஒரு சொல் செயலைக் குறிக்கிறதா, நிலையைக் குறிக்கிறதா என்பதைத் தலைப்பின் அருகிலேயே அடையாளமிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். தொடர்புடைய பதிவுகளுக்கும் வழிகாட்டியிருக்கிறார்கள். ஏ.சி., டி.சி., சி.ஆர்., எக்ஸ்.பி. என்று பழைய ஆட்டக்காரர்கள் மூச்சுவிடாமல் உதிர்க்கும் சுருக்கெழுத்துகளின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. புதியவர் ஒருவர் பக்கத்தைப் புரட்டித் தானே தெரிந்துகொள்ளலாம், யாரிடமும் கேட்டுக் கூசவேண்டியதில்லை. இதை நான் பெரிய நன்மையாகவே கருதுகிறேன்.

அகராதியின் வரவால் ஒரு குறையும் நேர்ந்துள்ளது. சில விதிகள் அங்கே மட்டுமே இருக்கின்றன. வெறுங்கையால் குத்துவது, எதிரியைப் பிடித்து நிறுத்துவது, தள்ளிவிடுவது ஆகிய மூன்றும் 'அன்ஆர்ம்ட் ஸ்ட்ரைக்' என்ற பதிவுக்குள் அடங்கியிருக்கின்றன. முதல் அத்தியாயத்தில் உள்ள சண்டைப் பகுதியை மட்டும் படித்துவிட்டு வருபவர், ஒருவனை மடக்கிப் பிடிக்க வழி உண்டு என்பதையே அறியாமல் போகக்கூடும்.

விதிச்சொல் என்றாலே தொல்லை என்று சொல்லமாட்டேன். நல்ல விதிச்சொல் மேசையில் நேரத்தை மிச்சப்படுத்தும், வழக்கைத் தீர்க்கும். 'அட்வான்டேஜ்' அதற்கு மிகச் சரியான சான்று. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில், பகடை எண்ணோடு சேர்க்க, ஊக்கத்தால் வரும் கூட்டல், அதிர்ஷ்டத்தால் வரும் கூட்டல், திறமையால் வரும் கூட்டல், தெய்வ அருளால் வரும் கூட்டல் என்று வகைவகையாக இருந்தன. ஒரே வகையிலான இரண்டு சேருமா சேராதா என்பதற்குத் தனி விதியும் விலக்கும் இருந்தன. ஒவ்வொரு வாள்வீச்சுக்கும் முன்னால் ஒரு கணக்குப் பாடம் நடக்கும். 2014இல் அந்தக் காட்டின் பெரும்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, சாதகமான நிலையில் இருந்தால் இருபது முகப் பகடை இரண்டை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள், பாதகமான நிலையில் சிறியதை எடுத்துக்கொள் என்று ஒரே வழியை வைத்தார்கள். சொல்லும் எளிது, பொருளும் ஒன்றே. புதிய நூல் இதை அப்படியே காத்திருக்கிறது.

நான்காம் பதிப்பில் இருந்து 2014இல் விடுபட்டுப்போன 'பிளடீட்' என்ற சொல்லையும் மீட்டிருக்கிறார்கள். ஒரு உயிரியின் ஹிட் பாயின்ட் (அடி தாங்கும் அளவைக் காட்டும் எண்) பாதியோ அதற்குக் கீழோ ஆகிவிட்டால் அது பிளடீட். இதில் எனக்குப் பிடித்தது, இந்தச் சொல்லைக் கதைக்குள்ளிருந்தே சொல்லலாம் என்பது. "ஓநாய் ரத்தம் சொட்டச் சொட்ட நிற்கிறது" என்று டன்ஜன் மாஸ்டர் (கதையை நடத்துபவர்) விவரித்தால் கதையும் நகர்கிறது, விதிக்கு வேண்டிய தகவலும் ஆட்டக்காரருக்குக் கிடைத்துவிடுகிறது. எல்லா விதிச்சொற்களும் இப்படி இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்தால் குறை சொல்ல இடமே இருக்காது.

அப்படிச் செய்யாத சொற்களுள் முதலாவது 'லெவல்'. பாத்திரத்துக்கு 1 முதல் 20 வரை லெவல் உண்டு. இரண்டு கிளாஸ்களைக் கலந்து எடுத்தவருக்கு ஒவ்வொரு கிளாஸிலும் தனி லெவல் உண்டு. மந்திரங்களுக்கோ 0 முதல் 9 வரை வேறொரு லெவல் வரிசை. விசார்ட் (மந்திரவாதி கிளாஸ்) லெவல் 5 எட்டினால்தான் லெவல் 3 மந்திரமான ஃபயர்பாலை ஏவமுடியும். லெவல் 3 விசார்டாக ஆடவந்த புதியவர், லெவல் 3 மந்திரம் தனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி. அதற்குப் பழைய ஆட்டக்காரர்கள் சலித்துக்கொள்வதுதான் நியாயமில்லை. இந்தக் குழப்பம் புதிதும் அல்ல. 1978இல் வந்த அட்வான்ஸ்ட் பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கிலேயே கைகாக்ஸ் இதை எடுத்துப் பேசியிருக்கிறார். பாத்திரத்தின் வலிமைக்கு 'ரேங்க்', மந்திரத்துக்கு 'பவர்', அரக்கர்களுக்கு 'ஆர்டர்' என்று தனித்தனிப் பெயர் வைக்க எண்ணியதாகவும், பழகிய சொல் என்பதற்காக லெவலையே வைத்துக்கொண்டதாகவும் அவர் அங்கே விளக்குகிறார். நோய் இன்னதென்று அன்றே தெரிந்திருந்தது, மருந்தும் கையில் இருந்தது. 2024இல் 'ரேஸ்' என்ற சொல்லை நீக்கி 'ஸ்பீஷீஸ்' என்று மாற்றும் துணிவு பெற்றவர்கள் லெவலை மட்டும் தொடாமல் விட்டது எனக்கு வருத்தமே.

அதைவிடப் பெரிய தவறு 'இன்விசிபிள்'. புதிய விதிப்படி, எதிரியின் பார்வைக்கு எட்டாத தக்க மறைவில் இருந்துகொண்டு ஒளிய முயலும் ஒருவர், பகடை எண்ணும் திறன் கூட்டலும் சேர்ந்து 15 அல்லது அதற்கு மேல் பெற்றுவிட்டால் இன்விசிபிள் என்ற நிலையை அடைகிறார். மந்திரத்தால் உருவம் மறைந்தவருக்கும் அதே நிலை, அதே பெயர். ஒரு பீப்பாய்க்குப் பின்னால் குந்தியிருக்கும் திருடனும் மாயமாக மறைந்துபோன சூனியக்காரியும் விதியின் கண்ணில் ஒன்றாகிவிடுகிறார்கள். கிசுகிசுப்பைவிட உரக்க ஒலியெழுப்பினாலோ, தாக்கினாலோ, வாய்விட்டு மந்திரம் சொன்னாலோ, எதிரி கண்டுபிடித்துவிட்டாலோ ஒளிந்தவரின் நிலை நீங்கும் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் பீப்பாயை விட்டு எழுந்து வெட்டவெளியில் நடந்தால் என்ன ஆகும்? எதிரி அவரை வெறுமனே பார்ப்பது 'கண்டுபிடிப்பது' ஆகுமா? நூல் இதைத் தெளிவாகச் சொல்லவில்லை. அன்றாடப் பேச்சில் உறுதியான பொருள் கொண்ட ஒரு சொல்லைப் பிடித்து, அதற்கு வேறு வேலையைக் கொடுத்ததால் வந்த வினை இது. 'ஒளிந்திருத்தல்' என்றே ஒரு தனி நிலையை வைத்திருந்தால் மேசைதோறும் நடக்கும் வாக்குவாதம் பெருமளவு குறைந்திருக்கும்.

ஆயுதங்களுக்குப் புதிதாகக் கொடுத்துள்ள எட்டுத் தேர்ச்சிப் பண்புகளிலும் சரிபாதிதான் தேறுகிறது. 'புஷ்' என்றால் தள்ளுவது, 'ஸ்லோ' என்றால் வேகத்தைக் குறைப்பது, 'டாப்பிள்' என்றால் கவிழ்ப்பது, விளக்கமே வேண்டாம். 'வெக்ஸ்', 'சாப்', 'நிக்' என்ற மூன்றையும் பெயரை வைத்து யாராலும் ஊகிக்கமுடியாது. வெக்ஸ் அடுத்த அடிக்குச் சாதகம் தருவது, சாப் எதிரியின் அடுத்த அடிக்குப் பாதகம் தருவது, நிக் இரண்டாவது சிறு ஆயுதத்தின் அடியை முதல் அடியோடு சேர்ப்பது. பண்புகள் நல்லவையே, ஃபைட்டராக ஆடுபவருக்கு இவை வெகுநாள் இல்லாதிருந்த பல்வகைமையைத் தருகின்றன. ஆனால் "வெக்ஸ் போட்டாச்சு, அடுத்து நிக்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டக்காரர் அமர்ந்துவிடும்போது, அந்தக் கத்தி எங்கே பாய்ந்தது, எதிரி எப்படித் தடுமாறினான் என்று யாருக்கும் தெரிவதில்லை.

நேர்மையாகச் சொல்லவேண்டிய ஒரு முன்னேற்றமும் இருக்கிறது. 2014 நூலில் 'மெலீ (நெருங்கி நின்று செய்யும்) வெப்பன் அட்டாக்' என்பதும் 'மெலீ வெப்பனால் செய்யும் அட்டாக்' என்பதும் வேறுவேறு பொருள் தந்தன. வெறுங்கைக் குத்து முதலாவதில் அடங்கும், இரண்டாவதில் அடங்காது. பாலடின் (தெய்வீக ஆற்றல் பெற்ற போர்வீரர் கிளாஸ்) தன் முட்டியால் தெய்வீகத் தாக்குதல் நடத்தலாமா என்ற தர்க்கம் ஆண்டுக்கணக்கில் ஓடியது. இப்போது 'ஆயுதத்தாலோ வெறுங்கைக் குத்தாலோ' என்று பச்சையாக எழுதி அந்த வழக்கை முடித்துவிட்டார்கள். சொல்லைச் சிக்கனம் பிடிக்காமல் நான்கு சொல் கூட எழுதினால் எத்தனை சண்டை தீர்கிறது பாருங்கள்.

இதுவரை சொன்னவை அச்சில் உள்ளவை. மேசையில் பேசப்படும் கொச்சைக்கு இந்த நூலில் ஏறக்குறைய இடமே இல்லை. புதியவர் திணறுவதோ அங்கேதான். 'டி.பி.கே.' என்றால் குழு முழுவதும் மாண்டுபோவது, 'பி.பி.இ.ஜி.' என்றால் கதையின் முதன்மை வில்லன். 'டம்ப் ஸ்டாட்' என்றால் வேண்டுமென்றே தாழ்த்தி வைத்த திறன். 'டிப்' என்றால் ஒரு பலனுக்காக மட்டும் வேறொரு கிளாஸில் ஓரிரு லெவல் எடுப்பது. பழைய கைகள் சிலர் இன்னமும் 'தாக்கோ' என்கிறார்கள்; அடி விழுமா என்று பார்க்கும் பழைய கணக்கு அது. அந்தக் கணக்கு 2000ஆம் ஆண்டோடு விதியிலிருந்து நீங்கிவிட்டது; இந்த நூலில் தேடினாலும் அகப்படாது. இவற்றை ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும், கெடுதல் ஒன்றுமில்லை.

கெடுதல் செய்பவை இரண்டு வகை. ஒன்று, வேறு விளையாட்டிலிருந்து இரவல் வந்து பொய்யான எதிர்பார்ப்பை விதைப்பவை. இணையக் கணினி விளையாட்டுகளிலிருந்து வந்த 'டாங்க்' (அடியைத் தாங்கி முன்னால் நிற்பவர்), 'அக்ரோ' (அரக்கன் குறிவைக்கும் கவனம்) என்பவை அப்படிப்பட்டவை. அங்கே அரக்கனின் கவனம் யார்மீது திரும்பும் என்பதை நிரல் கணக்கிடும். இங்கே டன்ஜன் மாஸ்டர் தீர்மானிக்கிறார். "நான் டாங்க், அக்ரோவை நான் பிடித்துக்கொள்கிறேன்" என்று முன்னால் போய் நிற்பவரைச் சட்டைசெய்யாமல், அறிவுள்ள எதிரி பின்வரிசையில் நிற்கும் விசார்டை நோக்கி ஓடும்போது, தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் மனம் கசந்துபோவார். இருபது விழுந்தால் எதுவும் நடக்கும் என்ற நம்பிக்கையும் இவ்வாறே. 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டில் திறன் சோதனையில் இருபது விழுந்தால் வெற்றி உறுதி. இந்த நூலின் விதியில் அது தாக்குதலுக்குத்தான் உறுதி. ஒன்று விழுந்தால் வாள் கைநழுவித் தோழனை வெட்டும் என்பதும் நூலில் இல்லாத மேசை வழக்கமே.

இரண்டாவது வகை, ஆளை எடைபோடும் சொற்கள். 'மன்ச்கின்' (வலிமை குவிப்பதிலேயே குறியாக இருப்பவர்), 'ரூல்ஸ் லாயர்' (விதியைச் சொல்லியே வாதாடுபவர்), 'மர்டர் ஹோபோ' (கண்டவரையெல்லாம் கொன்று திரிபவர்) ஆகியவை எல்லாம் ஒரு செயலைச் சுட்டுவதுபோலத் தொடங்கி மனிதரின் பெயராக ஒட்டிக்கொள்கின்றன. எதிர்ப்படும் ஊராரையெல்லாம் கொன்று பொருளைக் கவரும் போக்கு மேசையைக் கெடுப்பது உண்மைதான். அதற்கு, "இந்தக் கடைக்காரரைக் கொல்வதில் எனக்கு விருப்பமில்லை" என்று சொன்னால் பேச்சு தொடரும். பட்டப்பெயர் வைத்தால் பேச்சு அறுந்துபோகும். வீடற்று அலையும் ஏழையைக் குறிக்கும் 'ஹோபோ' என்ற சொல்லைக் கொலைகாரனோடு சேர்ப்பதும் எனக்கு உவப்பாக இல்லை. கணக்கு பார்த்துப் பாத்திரம் அமைப்பவரை இழிவாகப் பேசும் வழக்கமும் இதைச் சேர்ந்ததே. கணக்கில் இன்பம் காண்பவரும் நல்ல ஆட்டக்காரராக இருக்கலாம். அவர் தன் பாத்திரத்தை 'பில்ட்' என்று மட்டுமே பேசி, அதற்குப் பெயரும் ஊரும் இருப்பதை மறக்கும்போதுதான் மற்றவர்களுக்கு இழப்பு.

முதல் அத்தியாயத்தில் ஆட்டம் எப்படி நடக்கும் என்பதை உரையாடலாகவே எழுதிக்காட்டி, பக்கத்தில் விளக்கமும் கொடுத்திருக்கிறார்கள். சிறப்பான பகுதி அது. 2014 நூல் பாத்திரம் உருவாக்குவதில் தொடங்கியதைவிட இந்த வரிசையே நல்லது. அந்த உரையாடலில் பேசுவோர் எல்லோரும் முழு வாக்கியமாகப் பேசுகிறார்கள். உண்மையான மேசையில் கேட்கும் கொச்சைச் சொற்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தால் அறிமுகம் நிறைவாக இருந்திருக்கும். அதற்கு இடமில்லை என்று 384 பக்க நூல் சொல்லமுடியாது.

வாங்கலாமா என்றால், புதிதாக ஒரு மேசையை நடத்தத் தொடங்குவோருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். 2014 நூலை வைத்து நிறைவாக ஆடிவருவோர் அவசரப்படவேண்டாம். விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: 2025 ஏப்ரலில் வெளியான எஸ்.ஆர்.டி. 5.2 என்ற அடிப்படை விதித்தொகுப்பைப் படைப்பாக்கப் பொது உரிமத்தில் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். விதிச்சொல் அகராதி அதிலும் இருக்கிறது. உரிமம் மொழிபெயர்ப்பதற்கும் இடம் தருவதால், அந்த அகராதியைத் தமிழில் ஆக்க விரும்புவோர் யாரிடமும் தனியே அனுமதி கேட்கவேண்டியதில்லை. மூலம் இன்னதென்று குறிப்பிட்டால் போதும்.