லென்ஸ் கழலவில்லை என்று கேமராவைக் கொடுத்து ஏமாந்த கதை

அப்பா விட்டுப்போன கேனான் எஃப்டிபி என்ற பழைய பிலிம் கேமராவில் லென்ஸ் கழலவில்லை. என் டிஜிட்டல் கேமராவில் திருகுவதுபோல லென்ஸைப் பிடித்துத் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. கூடுதலாக அழுத்தப் பயம். சரி, விஷயம் தெரிந்தவரிடம் கொடுப்போம் என்று பழைய கேமரா பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவரும் என் கண்ணெதிரிலேயே லென்ஸைப் பிடித்து அப்படியேதான் திருகினார். அப்போதே வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

"துரு பிடிச்சு இறுகிப்போச்சு சார், வெச்சுட்டுப் போங்க" என்றார். ஒரு வாரம் கழித்து போன் வந்தது. ஒளி நுழையும் துவாரத்தைச் சுருக்கி விரிக்கும் அப்பெர்ச்சர் இதழ்களும் சிக்கிக்கொண்டனவாம், அப்பெர்ச்சர் வளையத்தைத் திருப்பினால் அசையவில்லையாம், அது தனி வேலையாம். முதலில் பேசியதைப் போல இரண்டு மடங்கு கேட்டார், கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தால், லென்ஸின் அடியில் இருக்கும் குரோம் வளையம் முழுக்கக் குறடு கடித்த பல் தடம். ஒரு திருகாணியின் தலை சிதைந்து பள்ளமாகிவிட்டது. இதழ்களில் எண்ணெய் மினுமினுக்கிறது. அப்பெர்ச்சர் வளையத்தை 16-இல் வைத்து ஷட்டரை அழுத்தினால், சட்டென்று மூட வேண்டிய இதழ்கள் சோம்பல் முறித்துக்கொண்டு மூடுகின்றன. இறுகிய இடத்தில் அடித்த ஸ்பிரே, பழைய கிரீஸையும் இளக்கிக்கொண்டு உள்ளே இறங்கியிருக்கிறது.

அப்புறம்தான் கையேட்டைத் தேடிப் படித்தேன். இந்தக் கேமராவோடு 1971-இல் வந்த எஃப்டி வகை லென்ஸ்களில் லென்ஸே சுழலாது. அந்தக் குரோம் வளையத்தை மட்டும்தான் திருப்ப வேண்டும். 1979 முதல் வந்த புது எஃப்டி வகையில்தான் பொத்தானை அழுத்தி லென்ஸையே திருப்புவது. நாங்கள் இரண்டு பேரும் திருகியது, திரும்பவே கூடாத பாகத்தை! எனக்குத் தெரியாததில் வியப்பில்லை. இதையே தொழிலாகச் செய்பவருக்கு?

இதழ் விஷயம் இன்னும் மோசம். இந்தப் பழைய எஃப்டி லென்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்பெர்ச்சர் வளையத்தைத் திருப்பினால் இதழ்கள் அசையாது. கேமராவில் பூட்டியிருக்கும்போதுதான் வேலை செய்யும், அதன் அமைப்பே அது. இல்லாத பழுதுக்குக் காசு வாங்கிவிட்டு, உண்மையான பழுதை வைத்து அனுப்பியிருக்கிறார்.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். உள்ளே அப்பா போட்ட பிலிம் இருந்தது. நான் கொடுத்தபோது படம் எண்ணும் முள் 22-இல் நின்றது, ரிவைண்ட் குமிழைச் சுற்றினால் இறுக்கம் தெரிந்தது. திரும்பி வந்தபோது முள் தொடக்கத்தில் நிற்கிறது, குமிழ் வெறுமனே சுற்றுகிறது. பின்கதவைத் திறந்தால் அந்த முள் பழைய இடத்துக்குப் போய்விடும். லென்ஸைக் கழற்றப் பின்கதவைத் திறக்கத் தேவையே இல்லை. லென்ஸ் இல்லாதபோதும் ஷட்டர் திரை பிலிமை மறைத்துக்கொண்டுதான் இருக்கும். கேட்டதற்கு, "பிலிமே இல்லையே சார்" என்கிறார்.

இதே லென்ஸ் உங்களிடம் இறுகிக் கிடந்தால் ஸ்பிரேயும் வேண்டாம், குறடும் வேண்டாம். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு குரோம் வளையத்தைச் சுற்றிலும் சீராகப் பிடித்துத் திருப்புங்கள். இரண்டு விரலால் நசுக்கிப் பிடித்தால் வளையம் சற்றே நெளிந்து இன்னும் இறுகும். முடியவில்லை என்றால் கொடுக்கும் முன் "இது எப்படிக் கழலும்?" என்று கேளுங்கள். வளையத்தைத் தொட்டுக் காட்டாதவரிடம் கொடுக்காதீர்கள். உள்ளே பிலிம் இருந்தால் முதலில் அதைச் சுற்றி வெளியே எடுத்துவிடுங்கள், எண்ணும் முள்ளைப் படம் பிடித்தும் வையுங்கள்.

நான் அப்படிப் படம் பிடித்து வைக்கவில்லை. அதனால்தான் அவர் இல்லை என்கிறார், என்னால் ஒன்றும் காட்ட முடியவில்லை.