பள்ளியை எந்த வகுப்பில் மாற்றுவது: ஆறா, ஒன்பதா, பதினொன்றா?

தமிழ்நாட்டில் பிள்ளையைப் பள்ளி மாற்ற நினைக்கும் பெற்றோர் 'எந்தப் பள்ளி' என்று விசாரிப்பதிலேயே பாதி ஆற்றலைச் செலவழித்துவிடுகிறார்கள். எந்த வகுப்பில் மாற்றுகிறோம் என்பதற்கு அதைவிட எடை அதிகம். ஒரே அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளை ஆறாம் வகுப்பிலும் இன்னொரு பிள்ளை ஏழாம் வகுப்பிலும் சேர்ந்தால், பிளஸ் டூ முடித்து கவுன்சலிங் போகும்போது இருவருக்கும் கிடைக்கும் வாய்ப்பு ஒன்றல்ல.

இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாத நிலை ஒன்று உண்டு. பிள்ளைக்கு அடி விழுகிறது, பாலியல் தொல்லை இருக்கிறது, சக மாணவர்களின் கொடுமை தாங்க முடியாத அளவுக்குப் போய்விட்டது என்றால், வகுப்பும் மாதமும் பார்க்காமல் மாற்றுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கும் அழையுங்கள். படிப்பைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

ஆறாம் வகுப்பு

அரசுப் பள்ளிக்கு மாறுவதாக இருந்தால் இதுதான் சரியான நேரம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அதே ஒதுக்கீடு வந்தது. நிபந்தனை, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பைத் தனியாரில் முடித்துவிட்டு ஏழில் வந்தால் இந்தக் கதவு மூடிவிடும். பலர் தவறவிடும் இன்னொரு விஷயம், அரசு உதவி பெறும் பள்ளி இந்த ஒதுக்கீட்டில் சேராது. 'அதுவும் அரசு மாதிரிதானே' என்று அங்கே சேர்த்துவிட்டு, பிளஸ் டூவில் விவரம் தெரிந்து மனம் உடைகிற குடும்பங்கள் உண்டு. கல்லூரிப் படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கு மட்டும், உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் தகுதி பெறுகிறார்கள்.

எட்டாம் வகுப்பில் எழுதும் என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வும் அரசு, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஒன்பதில் வருகிறவருக்கு அந்த வாய்ப்பே கிடையாது.

பாட அளவிலும் ஆறு சுலபம். சிபிஎஸ்இ பள்ளியில் இந்தியோ பிரெஞ்சோ படித்துவிட்டு, தமிழை வாசிக்க மட்டும் தெரிந்த பிள்ளை, ஆறாம் வகுப்புத் தமிழை ஒரு கோடை விடுமுறையிலும் முதல் பருவத்திலும் எட்டிப் பிடித்துவிடும். சோதிக்க ஒரு வழி: பாடநூல் கழகம் இணையத்தில் இலவசமாகத் தரும் ஐந்தாம் வகுப்புத் தமிழ் நூலிலிருந்து பத்து வரி சொல்லி எழுதச் சொல்லுங்கள். ல, ள, ழ குழப்பமும் ர, ற குழப்பமும் மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். ஒற்று, உயிர்மெய்க் குறிகளே தவறினால் சேர்க்கைக்கு முன்பே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பு

இது இரண்டு வகைப் பெற்றோருக்கானது. ஒன்று, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்தில் தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர். அந்தச் சலுகை எட்டாம் வகுப்போடு முடிகிறது, ஒன்பதிலிருந்து முழுக் கட்டணம். இவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: இந்தச் சட்டத்தின் கீழ் எட்டு வரை தனியாரில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தாலும் 7.5 சதவீதத்துக்குத் தகுதி உண்டு. அதற்கான சான்றைப் பழைய பள்ளியிலிருந்து வெளியேறும்போதே வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது, பாடத்திட்டத்தையே மாற்ற நினைப்பவர்கள். சிபிஎஸ்இ ஒன்பதையும் பத்தையும் ஒரே ஈராண்டுப் படிப்பாகவே பார்க்கிறது. பெற்றோரின் பணியிட மாற்றம் போன்ற காரணமும் வாரியத்தின் ஒப்புதலும் இல்லாமல் பத்தில் நேரடியாகச் சேர முடியாது. ஆகவே உள்ளே போகவும் வெளியே வரவும் ஒன்பதின் தொடக்கம்தான் கடைசி நல்ல வாசல். வெளியே வருபவர்களுக்கு இடிக்கும் இடம் தமிழ். மாநிலப் பத்தாம் வகுப்பில் அது 100 மதிப்பெண் தாள், தேர்ச்சிக்கு 35 வேண்டும். இலக்கணமும் செய்யுளும் புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு இரண்டு ஆண்டு போதும், ஒரே ஆண்டு போதாது.

தனியாரிலிருந்து இன்னொரு தனியாருக்கு மாறுகிறவர்கள் ஒன்றைக் கேளுங்கள்: ஒன்பதாம் வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பாடம்தான் நடக்கிறதா? பாதி ஆண்டிலேயே பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்துவிடும் பள்ளிகள் இருக்கின்றன. அரையாண்டு வினாத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பதினொன்றாம் வகுப்பு

அதிகம் பேர் மாற்றுவது இங்கேதான், பெரும்பாலும் விளம்பரப் பலகையைப் பார்த்து. என் கணிப்பில் இதற்கு நியாயமான காரணம் ஒன்றே ஒன்று: பிள்ளை விரும்பும் குரூப் இப்போதைய பள்ளியில் இல்லை, அல்லது அதை நடத்த ஆசிரியர் இல்லை. அரசு மேல்நிலைப் பள்ளி என்றால் இயற்பியல், கணிதத்துக்கு முதுகலை ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

பதினொன்றில் மாறினால் பன்னிரண்டு வரை அங்கேயே இருக்க வேண்டும். காரணம் கணிதப் புத்தகத்திலேயே இருக்கிறது. மாநிலப் பாடத்தில் அணிகளும் அணிக்கோவைகளும், வெக்டரும், தொகை நுண்கணிதத்தின் தொடக்கமும் பதினொன்றில் வருகின்றன. சிபிஎஸ்இ-யில் இவை பன்னிரண்டில். கலப்பெண்கள் நேர்மாறு: சிபிஎஸ்இ-யில் பதினொன்று, மாநிலத்தில் பன்னிரண்டு. நடுவில் தாவுகிற பிள்ளை சில பாடங்களை இரண்டு முறை படிக்கும், சிலவற்றைப் படிக்கவே படிக்காது.

2025-26 முதல் மாநிலத்தில் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு கிடையாது. 'இந்த வருடம் லேசானது' என்ற நினைப்பில் பதினொன்றைப் புறக்கணிக்கும் பள்ளிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். நீட், ஜேஇஇ இரண்டிலும் பதினொன்றாம் வகுப்புப் பாடம் வரும்.

தமிழ் வழி, ஆங்கில வழி

தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாற்றுபவர்கள் எந்த வகுப்பிலும் ஒன்றை இழக்கிறார்கள். அரசுப் பணியில் தமிழ் வழியில் பயின்றோருக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு, திருத்தப்பட்ட சட்டப்படி, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். மாற்றக் கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்து மாற்றுங்கள். தமிழ் வழியிலேயே தொடரும் பிள்ளை பள்ளி மாறினால், எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை என்று குறிப்பிட்ட சான்றிதழை ஒவ்வொரு பள்ளியிலும் அப்போதே வாங்கி வையுங்கள்.

டிசியும் எமிஸும்

கட்டண பாக்கிக்காக டிசியைப் பிடித்துவைக்க முடியாது. டிசியில் பாக்கி விவரம் எழுதக் கூடாது, சேர்க்கைக்கு டிசியைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. எட்டாம் வகுப்பு வரை, டிசி தாமதமானது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவும் சொல்கிறது.

நடைமுறையில் சிக்குவது எமிஸ், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடு. பழைய பள்ளி பிள்ளையின் பெயரைக் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். டிசி கையில் இருந்தும் இது நடக்காமல், பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்க, பதிவேட்டில் பழைய பள்ளியிலேயே கிடக்கும். டிசி வாங்கும் அன்றே, அலுவலகத்தில் நின்று, விடுவித்தாயிற்றா என்று கேளுங்கள். புதிய பள்ளி சேர்த்ததும் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் எமிஸிலிருந்தே எடுக்கப்படுகிறது. அதற்கு முன் திருத்துவது தலைமையாசிரியரிடம் ஒரு கடிதத்தோடு முடியும், மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு பெரிய அலைச்சல்.